‘நம்மிடமும் இருந்தது’ போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜனநாயகத்தின் வேர்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏதென்ஸுக்கு இரண்டு பக்கம், உத்திரமேரூருக்கு ஒரு வரி: ‘நம்மிடமும் இருந்தது’. அதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் என்னதான் இருக்கிறது? ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, குலுக்கி எடுப்பார்கள். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தர வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை இருக்குமோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை! முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இட முடியாது. சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள் வரை அந்த விலக்கு நீள்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் வாய்ப்பில்லை. பதவிக்கு வருகிறவர் எவ்வளவு நல்லவரானாலும் கண்காணிப்பு வேண்டும் என்று நினைத்தவர்கள் எழுதியது இது. கட்டுரை பேசியிருக்க வேண்டியது இந்தச் சிந்தனையைத்தான்.

அதே கல்வெட்டின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது பிராமணர் சபை. கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் கேட்டது. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. புத்த பிக்கு சங்கங்களில் தீர்மானத்துக்கும் வாக்கெண்ணிக்கைக்கும் விதிகள் இருந்ததை 1949 நவம்பர் 25 அன்று எடுத்துச் சொன்ன அம்பேத்கர்தான், அதற்கு ஓராண்டு முன்பு அதே அரசியல் நிர்ணய சபையில் பழைய கிராமங்கள் குட்டிக் குடியரசுகளாக இருந்தன என்ற பெருமையை வெளுத்து வாங்கினார். பழையதைப் படிக்கும் முறை அது.

அப்புறம், ஆப்பிரிக்கா பற்றி ஒரு சொல்கூட இல்லை. கானாவின் தத்துவ அறிஞர் க்வாசி விரெடு, அசாந்தி மக்களின் அவைகள் பேசிப் பேசி ஒத்த கருத்துக்கு வந்ததைக் காட்டி, பெரும்பான்மை வாக்கெடுப்பையே கேள்வி கேட்டார்: தோற்றவர்களின் விருப்பத்துக்கு முடிவில் என்ன இடம்? அசாந்தி மக்களும் அடங்கிய அகான் இனத்தின் கலையில் இரட்டைத் தலை முதலை ஒன்று உண்டு. இரண்டு வாயும் இரைக்குச் சண்டை போடும்; போய்ச் சேருவதோ ஒரே வயிற்றுக்கு. ஆனால் ஒத்த கருத்து என்ற பேச்சு ஒற்றைக் கட்சி ஆட்சிக்கும் சாக்கானது. டான்சானியாவில் 1965 முதல் 1992 வரை சட்டப்படி ஒரே கட்சிதான். விரெடு கேட்டதோ கட்சியே இல்லாத அவை, இரண்டும் ஒன்றல்ல.

இந்த விவாதங்களை விரிவாகத் தமிழில் படிக்க எனக்கு ஆசை. தொடராக வெளியிட்டால் உத்திரமேரூர்க் கல்வெட்டின் மூல வரிகளையும் முழுமையாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்