தங்கச்சிக்கு: அந்தப் பிராம்ப்ட் புத்தகத்தை வாங்கிக்கொள்

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் ஊர் நாடகக் குழு இந்தக் குளிர்காலத்தில் 'சைவ்' நாடகம் போடப்போகிறது, உன்னைப் பிராம்ப்டராக, அதாவது மேடை ஓரத்தில் நாடகப் புத்தகத்தோடு உட்கார்ந்து நடிகர் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பவளாக, வரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "என் இங்கிலீஷை வைத்துக்கொண்டு கெர்ரிக்காரர்களுக்கு நான் வசனம் எடுத்துக் கொடுப்பதா அக்கா?" என்றும் கேட்டிருந்தாய். உனக்கு மட்டும் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அயர்லாந்தின் சின்ன ஊர்களில் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவிலேயே காலம் தள்ளும் நம் பெண்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

சரி என்று சொல்லிவிடு. காரணங்களைச் சொல்கிறேன்.

அமெச்சூர் நாடகம், அதாவது நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் போடும் நாடகம், என்றதும் ஆண்டு விழாவுக்கு ஒப்பேற்றும் நாடகம் என்று நினைத்துவிடாதே. நீ இருக்கும் கெர்ரியிலேயே, லிஸ்டோவெல் வில்லியம் தெருவில், ஜான் பி. கீன் என்று ஒருவர் மதுக்கடை நடத்தினார். கடை நடத்திக்கொண்டே அவர் எழுதிய நாடகம்தான் 'சைவ்'. டப்ளினுக்கு, அபி தியேட்டருக்கு அனுப்பினார். நாட்டின் தேசிய நாடக அரங்கம் அது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. உள்ளூர்க்காரர்களின் லிஸ்டோவெல் நாடகக் குழு அதைக் கையில் எடுத்தது. 1959 பிப்ரவரியில் ஊரில் இருந்த ஒரு நடனக்கூடத்தில் அரங்கேற்றினார்கள். அதே ஆண்டு அத்லோன் என்ற ஊரில் நடந்த அகில அயர்லாந்து நாடக விழாவில் முதல் பரிசு. பிறகு திருப்பி அனுப்பிய அபியே அவர்களை டப்ளினுக்கு அழைத்து ஆட வைத்தது. கீன் 2002இல் போய்விட்டார். 'சைவ்' இன்றும் ஏதாவது ஓர் ஊர் மேடையில் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. உங்கள் குழு கையில் எடுத்திருப்பது அப்படிப்பட்ட நாடகம்.

அபியின் வேரும் அமெச்சூர்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் முதல் நடிகர்களைத் திரட்டிய ஃபே சகோதரர்களில் ஒருவர் எலக்ட்ரீஷியன், மற்றவர் அலுவலக வேலைக்காரர். 1904 டிசம்பரில் அபி திறப்பதற்கு முன்பே, பகல் வேலை முடிந்து ஒத்திகைக்கு வந்தவர்கள்தான் அந்த மேடைக்கு ஆள் சேர்த்தார்கள்.

அத்லோன் விழா 1953இல் தொடங்கியது. மார்ச் மாதம் முழுக்க நாடு நெடுக ஊர் ஊராக நாடக விழாக்கள் நடக்கும். குழுக்கள் மேடைச் சாமான்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரே பகலில் சுவர், கதவு, விளக்கு எல்லாம் நிறுத்தியாக வேண்டும். அதிகப் புள்ளி வாங்கும் குழுக்களுக்குத்தான் அத்லோன் மேடை. ஒவ்வோர் இரவும் நாடகம் முடிந்ததும் நடுவர் மேடையேறி, ஊர் முன்னாலேயே, நல்லதையும் கெட்டதையும் பெயர் சொல்லிப் பேசுவார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பேச்சுதான். ஒரு விழாவில் நடுவர் கெட்டிலைப் பற்றியே சில நிமிடம் பேசினார். நடித்த பெண் அதை அடுப்பிலிருந்து தூக்கியபோது உள்ளே தண்ணீரின் கனமே இல்லையாம். அந்த நொடியே சமையலறை பொய்யாகிவிட்டதாம். அரங்கத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. மளிகைக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியையும் மாட்டுப் பண்ணைக்காரரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊரில் அந்தக் கெட்டிலில் தண்ணீர் இருந்தது. அவள் தூக்கும்போது தோள் சாய்ந்தது. கைத்தட்டலோடு வீட்டுக்குப் போய்விடாமல் இப்படி உட்கார்ந்து கேட்கும் பழக்கம்தான் இங்கே நாடகத்தை வளர்த்தது என்று நம்புகிறேன்.

இனி 'சைவ்' கதைக்கு வருகிறேன். சைவ் என்பது ஒரு பெண்ணின் பெயர். கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்து, அந்தத் தாயையும் இழந்தவள். மாமா வீட்டில் வளர்கிறாள், படித்துக்கொண்டிருக்கிறாள். மாமியான மீனாவுக்கு அவள் வீட்டை விட்டுப் போனால் போதும். டோமாஷீன் என்ற தரகன், காடு கழனி வைத்திருக்கும் கிழவன் ஒருவனுக்கு அவளைப் பேசி முடிக்கிறான். தரகனுக்கும் மீனாவுக்கும் காசு. பாட்டி மட்டும் எதிர்த்துப் பேசுகிறாள். நாடோடிகள் இருவர் வாசலில் வந்து அந்த வீட்டைச் சபித்துப் பாடுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடும் சைவ் சதுப்பு நிலத்தில் மூழ்கிச் சாகிறாள். இந்த வீட்டை உனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன் காபித் தட்டோடு நின்றவள் நீ. தரகர் எந்தக் குரலில் பேசுவார், பெண்ணை யாரும் கேட்காமலே எப்படி எல்லாம் முடிந்துபோகும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அந்தக் குழுவில் பலருக்கு அது பாட்டி சொன்ன கதை. உனக்கு நேரில் பார்த்தது.

பிராம்ப்டர் வேலையைச் சின்ன வேலை என்று நினைக்காதே. நடிகர் பேசாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொள். வசனம் மறந்துபோச்சா, வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறாரா? சைடில் உட்கார்ந்திருக்கும் உனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருக்கிறது. முந்திக்கொண்டால் அவர் கட்டிய மௌனம் உடையும். பிந்தினால் காட்சி சரியும். நான் பார்த்த நல்ல பிராம்ப்டர்கள் புத்தகத்தைவிட நடிகரின் கண்ணைத்தான் அதிகம் பார்ப்பார்கள். மறந்தவர் கண் அலையும், நிறுத்தியவர் கண் எதிராளி மேலேயே இருக்கும். வசனத்தின் முதல் இரண்டு சொல் போதும், முழு வரி வேண்டாம். ரகசியக் குரலில் கிசுகிசுக்காதே, அது மேடையில் இருப்பவருக்குக் கேட்காது, முன்வரிசைக்குத்தான் கேட்கும். தாழ்ந்த குரலில் திருத்தமாகச் சொல். உன் உச்சரிப்பு இதில் எந்த இடைஞ்சலும் இல்லை. ராத்திரி டியூட்டியில், பேச முடியாத பெரியவரின் முகத்தைப் பார்த்தே வலியா தாகமா என்று கண்டுபிடிக்கிறாயே, அந்தக் கண் உனக்கு இருக்கிறது.

இன்னொன்றும் கிடைக்கும். பிராம்ப்டர் எல்லா ஒத்திகைக்கும் போக வேண்டும். மாலைப் பால் கறவை முடிந்து கைகழுவி வருபவரையும், பார்மசியில் உனக்கு மருந்து எடுத்துத் தருபவரையும் குளிர்காலம் முழுக்க ஒரே கூடத்தில் பார்ப்பாய். இடைவேளையில் தேநீரும் பிஸ்கட்டும் வரும். ஊர்க் கதையெல்லாம் அங்கேதான் பேசுவார்கள். ஆறேழு வாரத்தில் அவர்கள் பேச்சு வேகம் உன் காதுக்குப் பழகிவிடும். டியூட்டி இடிக்குமே என்று பயப்படாதே, ரோஸ்டர் கிடைத்ததும் இயக்குநரிடம் காட்டு. எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள், நேரத்தைத் தள்ளி வைப்பது அவர்களுக்குப் புதிதில்லை.

முதல் நாள் பென்சிலும் ரப்பரும் எடுத்துப் போ. பேனா வேண்டாம், யார் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்பது வாரா வாரம் மாறும். நிறுத்தங்களைப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வா. வெப்பமில்லாத கூடமாக இருந்தால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்.

மீனா வேஷம் யார் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் எழுது. அந்த வேஷத்தை வெறும் கொடுமைக்காரியாக ஆடினால் நாடகம் பாதிதான் நிற்கும். வறுமை அவளை எப்படி இறுக்கியிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அவர் அதை எப்படிப் பிடிக்கிறார் என்று உன் கண்ணால் பார்த்துச் சொல். உங்கள் விழா தேதி முடிவானதும் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வை.

அன்புடன்,
அக்கா