டாக்டர் வளவில் எட்டு மாடி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் சிறீ,

டாக்டர் வீட்டை இடித்துவிட்டார்கள். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை, அதுதான் எழுதுகிறேன். ஜாம் மரமும் போய்விட்டது, பின்மதிலும் போய்விட்டது. மதில் கதையை இராசனுக்குச் சொல்லாதே, அவன் தாங்கமாட்டான். இங்கே எல்லாரும் சுகம். மாலாவுக்கு முழங்கால் நோ குறைவு, சின்னவள் சோதனை எழுதிவிட்டாள்.

அந்த வளவில் எட்டு மாடி பிளாட்ஸ் வரப்போகிறது. வரட்டும் மச்சான், அதில் எனக்குக் கோபமில்லை. ஊரை விட்டு ஓடி வந்த எத்தனை குடும்பங்களுக்கு இந்த பிளாட்ஸ்தான் கூரை கொடுத்தது என்று உனக்கும் தெரியும். பிளானைப் பார்த்த பிறகுதான் வயிறு எரிந்தது. கட்டுகிற ஆள் ஒழுங்கைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். நிலமாடி முழுக்க வாகனத் தரிப்பிடம். ஒழுங்கைப் பக்கம் இரும்புக் கேற்றும் வெறும் சுவரும்தான், ஒரு யன்னல் கிடையாது. கட்டடத்தின் நடுவில் ஒடுங்கிய காற்றுக் குழி ஒன்று. குசினி யன்னல் அத்தனையும் அதற்குள்தான் திறக்கின்றன. கீழ்வீட்டில் கருவாடு பொரித்தால் எட்டாம் மாடி வரை மணக்கும். மேற்குப் பக்கம் முழுதும் கண்ணாடி, பின்னேர வெயிலை மறிக்க ஒரு சாய்ப்புக்கூட இல்லை. அப்புறம் என்ன, அறைக்கு அறை ஏசி வரும். ஏசிப் பெட்டிகள் வெளிச்சுவரில் தொங்கும், தண்ணீர் ஒழுங்கையில் போகிறவர் தலையில் சொட்டும்.

எல்லாம் சட்டத்துக்குள்தான் என்றார் அவர். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. என் கவலையே அதுதான்.

கொழும்பில் கட்டடத்துக்குக் கடிவாளம் போடுவது புதிய சங்கதி இல்லை. 1914இல் இங்கே பிளேக் வந்தது. அடுத்த வருடமே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. தெருக்கோடு, பின்வெளி, வெளிச்சம், காற்று என்று மனிதர் மூச்சுவிடுவதைப் பற்றிய சட்டம் அது. 1921இல் நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் வந்து பூங்கா நகரம் என்று கனவு கண்டார். 1978இல் 41ஆம் இலக்கச் சட்டத்தோடு நகர அபிவிருத்தி அதிகார சபை வந்தது. இன்றைக்கு வீதியிலிருந்து எத்தனை அடி விட்டாய், காணியில் எத்தனை வீதம் மூடினாய், எத்தனை வாகனம் நிற்கும் என்று கேட்கிறார்கள். இத்தனை வீட்டுக்கு இத்தனை வாகனம் என்று கணக்குக் கேட்டால் கட்டுகிறவன் எங்கே விடுவான்? நிலமாடியில்தான். டாக்டரின் விறாந்தை இருந்த இடத்தில் கார் நிற்பதற்கு அந்த விதியும் ஒரு காரணம்.

நீ என்ன சொல்லுவாய் என்று தெரியும். அவனவன் காணி, அவனவன் காசு. விதி கூடினால் லஞ்சத்துக்குக் கைநீட்டலும் கூடும். அழகைப் பற்றியென்றால் நானும் உன் பக்கம்தான். பற்றிக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் அல்பிரட் பிளேஸில் கட்டிய வீட்டை யோசித்துப் பார். வெளியே மதில், உள்ளே முற்றம். தோட்டத்துக்கு நடுவே பங்களா கட்டிய காலத்தில், ரசனை பார்க்க ஒரு குழு இருந்திருந்தால் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கும். அந்த வீட்டைத்தான் பிற்காலத்தில் கழற்றிக்கொண்டு போய் பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் திரும்பப் பொருத்தினார்கள். காலிக் கோட்டைக்குள் முகப்பைக் கட்டுப்படுத்துவது சரி. அங்கே காப்பாற்ற ஒரு பழைய முகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் எதைக் காப்பாற்றச் சொல்வது?

நிறமும் கூரையும் தூணும் கட்டுகிறவன் விருப்பம். சபை கேட்க வேண்டியது நாடாவைப் பிடித்து அளக்கக்கூடியதை மட்டும். தெருவைப் பார்த்த நிலமாடியில் பாதியாவது ஆள் புழங்கும் இடமாக இருக்கட்டும், கடையோ விறாந்தையோ காவலாளியின் அறையோ. மேற்கு யன்னலுக்கு இத்தனை அடி நிழல். ஏசிப் பெட்டிக்கு உள்ளே ஒரு தட்டு, தண்ணீர் போக ஒரு குழாய். சோழகம் வீசும் மாதங்களில் கடற்காற்று பின்வீடுகளுக்குப் போக ஒரு வழி. இவற்றில் ரசனைக்கும் இடமில்லை, கைநீட்டலுக்கும் பெரிய இடமில்லை. அளந்தால் இருக்கிறது அல்லது இல்லை. ஒழுங்கை எல்லாருடையதும்தானே, சிறீ. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஐம்பது வருடம் நடக்கப்போவது கட்டினவன் இல்லை.

பிளான் கீறிய பிள்ளை முன்பு எங்கள் அலுவலகத்தில் என்னிடம் வேலை பழகியவள். காற்றுக் குழியை முற்றமாக அகலப்படுத்த வழி இருந்தால் ஒரு படம் கீறித் தாருங்கள் அண்ணை, உரிமையாளரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றாள். அத்திவாரம் வெட்டுவதற்குள் கொடுக்க வேண்டும்.

உன் கோப்பாய் நாற்சார் வீட்டு முற்றத்தின் அளவு எனக்கு வேண்டும். நீள அகலம், தாழ்வாரத்தின் உயரம், கூரைச் சரிவு, மழைத்தண்ணீர் போகும் பீலி எங்கே இறங்குகிறது, மத்தியானத்தில் வெயில் எதுவரை வருகிறது, எல்லாம் வேண்டும். முற்றத்துக்கு மேல் தகரம் போடப்போவதாக எழுதியிருந்தாய். அடுத்த மாதம் நான் வரும்வரை ஆசாரியை நிற்பாட்டி வை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு.

உன்,
பாலன்