பட்டியலை ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள்

துருவ முகாம்களுக்கான பொருள் கொள்முதல் பிரிவினருக்கு,

வணக்கம்.

போன கோடையில் அண்டார்டிகாவிலிருந்து நாங்கள் அனுப்பிய புகார்களுக்கு உங்களிடமிருந்து வந்த பதில் ஒன்றே ஒன்று: பொருள்கள் யாவும் விதிமுறைப்படி வாங்கப்பட்டவை. மறுக்கவில்லை. விலைப்புள்ளிகள், ஒப்பீட்டு அறிக்கை, கையொப்பங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. அடுப்பு மட்டும் எரியவில்லை.

அண்டார்டிகாவின் குயின் மாட் நிலத்தின் உள்பகுதியில் கோடை இரவுகளிலும் குளிர் சுழிக்குக் (பூச்சியத்துக்கு) கீழே 20 செல்சியஸ் பாகையைத் (டிகிரியை) தொடும். அந்த இடத்துக்கு நீங்கள் அனுப்பியவை வெறும் பியூட்டேன் அடைத்த எரிவாயுக் குப்பிகள். சுழிக்கு அரைப் பாகை கீழே போனாலே பியூட்டேன் ஆவியாகி வெளிவர மறுக்கும். குலுக்கினால் உள்ளே தளும்பும், திருகினால் ஒன்றும் வராது. புரோப்பேனாக இருந்திருந்தால் சுழிக்குக் கீழே 42 பாகை வரை கவலையில்லை. மலையேறுபவர்களுக்குப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

"சமையல் இல்லாவிட்டால் என்ன, பிஸ்கட் இருந்ததே" என்று உங்களில் ஒருவர் கேட்டதாக அறிந்தோம். ஐயா, பசியை விடுங்கள். அங்கே அடுப்பு இருந்தால்தான் குடிநீர். பனியை உருக்க மட்டும் ஆகும் வெப்பம், உருகிய நீரைச் சுழியிலிருந்து 80 பாகை வரை சுடவைக்கப் போதும். ஆளுக்கு இத்தனை வேளைச் சமையல் என்று வீட்டுக் கணக்கில் எரிபொருளை அளந்தவர் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

எனவே குப்பிகளை உறக்கப்பைக்குள் வைத்து, கட்டிக்கொண்டு படுத்தோம். காலையில் குப்பி சற்று நேரம் எரியும். எரிய எரியத் தானாகவே குளிர்ந்து அடங்கிவிடும். அதற்குள் உருகியதைப் பங்கிட்டுக் குடித்தோம். மூச்சு விடுவதிலேயே உடம்பின் ஈரம் வற்றும் வறண்ட காற்று அது. உலர்த்திய காய்கறிகளும் உடனடி உப்புமாவும் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் "கொதிநீர் சேர்க்கவும்" என்று அச்சிட்டிருந்தது.

நாங்கள் கேட்பது இதுதான்: பட்டியலை முடிவு செய்யும் முன், பனியில் கூடாரம் அடித்துத் தங்கிய ஒருவரிடம் அதைக் காட்டுங்கள்.

இது ஒன்றும் புதிய பாடம் அல்ல. 1895-இல் வட துருவம் நோக்கிச் சறுக்குவண்டிகளோடு நடந்த நான்சென், மண்ணெண்ணெயில் எரியும் பம்ப் ஸ்டவ் வைத்திருந்தார். 1912-இல் தென் துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட்டின் குழு, வழிக் கிடங்குகளில் வைத்துவிட்டுப் போன மண்ணெண்ணெய் குறைந்திருக்கக் கண்டது; தகர மூடிகளின் தோல் வளையங்கள் வழியே எண்ணெய் போய்விட்டிருந்தது. அவருக்கு முன்பே துருவத்தைத் தொட்ட ஆமுண்ட்சென், தம் தகரங்களை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தார். நூறாண்டுக்கு மேலாகியும் எரிபொருளை நாம் கடைசி வரியில்தான் எழுதுகிறோம்.

ஊறுகாயைக் கண்ணாடிப் புட்டிகளில் அனுப்பியது யார் யோசனை? உறைந்து வெடித்த சில்லுகளைக் கையுறையோடு பொறுக்கினோம். 1991-ஆம் ஆண்டின் மாட்ரிட் ஒப்பந்தப்படி குப்பையை அங்கே விட்டுவர முடியாது என்பதால், அவற்றையும் மூட்டை கட்டிக் கப்பலேற்றினோம். கையுறைகளோ எல்லாம் ஒரே அளவு; எங்கள் குழுவின் பெண்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு ஒரு திருகைக்கூடப் பிடிக்க முடியவில்லை. குழுப் படம் எடுப்பதற்கான பதாகை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வந்தது. நல்ல கனத்த துணி. அடுப்புக்குக் காற்றுத்தடுப்பாக உதவியது, நன்றி.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோப்புகளுக்கு நடுவே உங்களுக்கும் ஆயிரம் நெருக்கடி இருக்கும். கேப் டவுனில் கப்பலேறிய பிறகு மறந்ததை வாங்கிவரக் கடைத்தெரு கிடையாது என்பதால்தான் மறுபடியும் வேண்டுகிறோம்: முடிவு செய்யும் முன் காட்டுங்கள்.

அடுத்த பயணத்துக்கான பட்டியல் இன்னும் முடிவாகவில்லை என்று தெரிகிறது. அதன் நகலைத் தயவுசெய்து எங்களுக்கு அனுப்பிவையுங்கள். இரண்டே நாளில் பார்த்துத் திருப்பித் தருகிறோம். கட்டணம் எதுவும் இல்லை. விலைப்புள்ளி கோரவும் தேவையில்லை.

இப்படிக்கு,
சென்ற கோடைக் கள முகாமில் இருந்தவர்கள் சார்பாக ஒருவர்