புகார் அலுவலர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆட்சியர் அலுவலகத்தில் எய்ட்ஸ் தின உறுதிமொழி எடுத்த படம் உங்கள் நாளிதழில் வந்திருந்தது. ஆண்டுதோறும் வரும் படம்தான். சட்டையில் சிவப்பு ரிப்பன், நீட்டிய கைகள், முன்வரிசையில் நர்சிங் மாணவிகள். எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்க மாட்டோம் என்று கை நீட்டிச் சொல்கிறார்களே, அப்படி ஒதுக்குவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தச் சந்தேகத்தில்தான் இந்தக் கடிதம்.

நாமக்கல் மாவட்டத்தில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஒரு நம்பிக்கை மையத்தில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவள் நான். ஒப்பந்த வேலை; இப்போது அதில் இல்லை. லாரியும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் சோறு போடுகிற மாவட்டம் இது. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது.

அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கு அரசின் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது நம் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையை ஒட்டிய தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனைதான் கதி. இன்று மாவட்டத் தலைநகரிலேயே அந்த மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்து ஒரே மாத்திரையாக, நாளுக்கு ஒன்று. விடாமல் சாப்பிட்டு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு வழியாகக்கூட அடுத்தவருக்குப் பரவாது. இதை நான் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். தம்பதிகள் நம்ப முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மையத்துக்கு வெளியே, மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றபடி டப்பாவைத் திறந்து மாத்திரைகளைப் பிளாஸ்டிக் கவரில் கொட்டிக்கொள்வார்கள். லேபிளைக் கிழித்து டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு பஸ் ஏறுவார்கள். ஈரம் பட்டால் மருந்து வீணாகும், டப்பாவிலேயே வைத்திருங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். "பஸ்ல குலுங்குதுங்க மேடம்" என்பார்கள். முப்பது மாத்திரை குலுங்குகிற சத்தத்துக்கு அவ்வளவு பயம்.

அந்தப் பயம் அநாவசியமானது என்று ஆலோசகரான என்னாலேயே சொல்ல முடியவில்லை. காரணம் இதுதான். எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பித்தப்பையில் கல். பத்து வருடத்துக்கு மேலாக மாத்திரை எடுக்கிறவர், ஒரு நாள் தவறியதில்லை. காப்பீட்டு அட்டையோடு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ரத்தத்தை எடுத்து எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். மறுநாள் காலை ஆபரேஷன் என்று வெறும் வயிற்றோடு படுத்திருந்தவரை எழுப்பி, "எங்ககிட்ட அதுக்கு வசதி இல்லம்மா, ஜி.எச்.சுக்குப் போயிருங்க" என்று சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் பெரிதாக மூன்று எழுத்து. வார்டில் துணைக்கு வந்திருந்த நாத்தனார் அதைப் படித்துவிட்டார். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் மேசையில் அந்தச் சீட்டை வைத்துவிட்டு அவர் கேட்டது: "மாத்திரைய மறந்ததே இல்லீங்களே மேடம், அப்பறம் எதுக்குங்க சிவப்பு மை?"

மூன்று வாரம் வலியோடு காத்திருந்து அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அங்கே செய்த மருத்துவருக்குத் தனியாக எந்த 'வசதி'யும் தேவைப்படவில்லை. எல்லா நோயாளிக்கும் போடுகிற கையுறை, எல்லாக் கருவிகளையும் நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ். அவ்வளவே. ஊசி குத்திவிடுமோ என்று ஊழியர்கள் பயப்படுவதை நான் ஏளனம் செய்யவில்லை. அவர்களும் பிள்ளைகுட்டி உள்ளவர்கள். ஆனால் சிகிச்சை எடுக்காதவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவில்தான். தடுப்பூசி போடாதவர்களுக்கு மஞ்சள் காமாலை பி வைரஸால் வரும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு. அப்படியே குத்தினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட மருந்து இருக்கிறது. பரிசோதிக்காமல் வரும் ஆட்களுக்குத்தான் உண்மையில் அதிகம் பயப்பட வேண்டும். அவர்களை எப்படி அடையாளம் காண்பார்கள்?

இனி சட்டத்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. சிகிச்சையை மறுக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததில் மூன்றுமே மீறல். யாரிடம் போய்ச் சொல்வது என்பதையும் சட்டமே சொல்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் ஒரு புகார் அலுவலர் இருந்தாக வேண்டும். அவருக்கு மேலே, மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர். அவர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மதிக்காவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 வரை.

எவ்வளவு நல்ல ஏற்பாடு! அன்று அந்த மருத்துவமனை வரவேற்பில் போய், உங்கள் புகார் அலுவலர் யார் என்று நானே கேட்டேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் பிள்ளை திருதிருவென விழித்துவிட்டு, "பில்லிங் பிரச்சினைங்களா?" என்றது.

மத்திய, மாநில அரசுகள் இந்தச் சட்டத்தைச் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் ஒரு தீர்ப்பில் உத்தரவிட்டது. ராணுவ மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் தொற்றுக்கு ஆளான விமானப்படை வீரர் ஒருவருக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தரச் சொன்ன வழக்கு அது. அதன் பிறகும் நான் போய்வந்த மருத்துவமனைச் சுவர்களில் புதிதாக எதையும் பார்க்கவில்லை.

புள்ளி ராஜா விளம்பரம் நினைவிருக்கிறதா? சுவரெல்லாம் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்விதான். பேசவே கூசிய விஷயத்தை டீக்கடைக்குக் கொண்டுவந்த பெருமை அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எச்.ஐ.வி. என்றால் நடத்தை கெட்டவனுக்கு வருவது என்ற எண்ணத்தையும் அது சேர்த்தே ஒட்டிவிட்டுப் போனது என்பது என் அபிப்பிராயம். தாலி கட்டியவரிடமிருந்து தொற்று வாங்கிய பெண்கள் எத்தனை பேர் என் எதிரே உட்கார்ந்து, "நான் எந்தத் தப்பும் பண்ணலைங்க" என்று அழுதிருக்கிறார்கள்! தப்பு என்ற பேச்சே அங்கே வந்திருக்கக் கூடாது. சுவருக்கு அவ்வளவு சக்தி உண்டு என்றால், அதே சுவரில் இன்னொன்றை எழுதுவதுதானே?

தகவல் அறியும் சட்டம் வந்ததும் ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் பொதுத் தகவல் அலுவலரின் பெயர்ப் பலகை வந்தது. லஞ்சம் கேட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற பலகையும் வாசலில் தொங்குகிறது. எச்.ஐ.வி. சட்டத்தின் புகார் அலுவலர் பெயரும், குறைதீர்ப்பாளரின் தொலைபேசி எண்ணும் எழுத ஒரு பெயிண்டருக்கு அரைநாள் வேலை. தனியார் மருத்துவமனைகள் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில்தான் பதிவு பெறுகின்றன. புதுப்பிக்க வரும்போது, புகார் அலுவலர் யார், பலகை எங்கே என்று கேட்டு, அதன் படத்தைக் கோப்பில் சேர்த்த பிறகு கையெழுத்துப் போட்டால் என்ன? இதற்குப் புதுச் சட்டமோ புது நிதியோ தேவையில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த டிசம்பரில் உறுதிமொழிப் படம் எடுக்க வரும் நிருபரை, திரும்பும் வழியில் நான்கு மருத்துவமனைகளில் இறங்கி, "உங்கள் எச்.ஐ.வி. புகார் அலுவலர் யார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைத்த பதிலை அப்படியே படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் நம்பிக்கை மைய ஆலோசகர்,
நாமக்கல் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்; என் பெயரை வைத்து அந்தப் பெண்ணை ஊரில் அடையாளம் கண்டுவிடுவார்கள்.)