அரசும் அரசாங்கமும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவைக்குப் பிறகு நேற்றுதான் டாக்டர் படிக்கலாம் என்றார். முதலில் எடுத்தது உன் கடிதத்தைத்தான். நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே.

மகள் அரசியல் அறிவியல் படிக்கச் சேர்ந்தது ரொம்ப சந்தோஷம். "ஆட்சி மாறினால் பழைய ஆட்சி போட்ட ஒப்பந்தம் செல்லுமா?" என்று அவள் கேட்டதும் நீ முழித்தாயாமே. நல்ல கேள்வி, யாரும் முழிப்பார்கள்.

தமிழில் அரசு, அரசாங்கம் என்று இரண்டு சொல் இருந்தும் பேச்சில் ஒன்றாகவே போட்டுக் குழப்புகிறோம். நிலம், மக்கள், அரசியல் சட்டம், நீதிமன்றம், தூதரகம் எல்லாம் சேர்ந்தது அரசு. அதைக் கொஞ்ச காலம் நடத்துகிறவர்கள் அரசாங்கம். தேர்தல் மாற்றுவது அவர்களைத்தான்.

பெல்ஜியத்தில் 2010 ஜூனில் தேர்தல் நடந்தது. கட்சிகள் ஒத்துப்போகாமல் 541 நாள் புதிய அரசாங்கமே அமையவில்லை. பொறுமை இழந்த மாணவர்கள் தெருவில் உருளைக்கிழங்கு வறுவலை இலவசமாகக் கொடுத்துப் போராடினார்கள். ஆனாலும் நாடு நின்றுவிடவில்லை. ஏற்கெனவே ராஜினாமா செய்திருந்த பிரதமரின் காபந்து அரசாங்கமே, நாடாளுமன்றத்தின் சம்மதத்தோடு, 2011-ல் லிபியாவில் நடந்த பன்னாட்டு ராணுவ நடவடிக்கைக்குப் போர் விமானங்களையும் அனுப்பியது.

ஒப்பந்தமும் இதே கதைதான். கையெழுத்துப் போடுவது ஒரு ஆள், கட்டுப்படுவது அரசு. புதிதாக வந்தவர் 'நான் போட்டதில்லை' என்று கைகழுவ முடியாது. வேண்டாமென்றால் முறைப்படி விலக வேண்டும். உள்நாட்டுச் சட்டத்தைக் காரணம் காட்டிக்கூட மீறக் கூடாது என்கிறது, நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களுக்கு விதி வகுத்த 1969-ன் வியன்னா உடன்படிக்கை.

ஆனால் வெறும் கையெழுத்து எப்போதும் போதாது. இதை அவளிடம் அவசியம் சொல். அமெரிக்க அதிபர் வில்சன் மாதக்கணக்கில் பாரிஸில் உட்கார்ந்து பேசி, 1919 ஜூனில், முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியோடு செய்த சமாதான ஒப்பந்தமான வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தத்திலேயே அடங்கியிருந்த சர்வதேச சங்கம், அதாவது ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் அமைப்பு, அவர் கண்ட கனவு. ஆனால் 1918 தேர்தலிலேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் எதிர்க்கட்சி கைக்குப் போயிருந்தது. ஒப்பந்தத்துக்கு அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மனிதர் ரயிலேறி ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசினார், நடுவழியில் உடம்பு விழுந்துவிட்டது. 1920 மார்ச்சில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஏழு ஓட்டு குறைந்தது. அவர் முன்னின்று உருவாக்கிய சங்கத்தில் அவர் நாடு கடைசிவரை சேரவே இல்லை. அந்த ஏழு ஓட்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், 'அதிக ஓட்டு வாங்கியவர் ஆள்வார், தேர்தலில் வேறென்ன இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1981-ல் நியூசிலாந்தில் தொழிற்கட்சிதான் அதிக ஓட்டு வாங்கியது, ஆட்சி அமைத்தது தேசியக் கட்சி. மூன்றாவதாக வந்த கட்சிக்கு ஐந்தில் ஒருவர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கிடைத்ததோ 92 இடத்தில் வெறும் 2. தொகுதிக்குத் தொகுதி முந்தியவர் ஜெயிக்கும் முறை அது. 1993-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி மக்களே அந்த விதியை மாற்றினார்கள். எண்ணும் விதியும் ஓட்டு மாதிரியே முக்கியம்டா.

விடுமுறையில் அவளை என்னிடம் அனுப்பு, நிறையப் பேசலாம். சரி, உன் முழங்கால் வலி என்னாயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்