டின் வாங்காதே, ஆளைப் பிடி

மதுரை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள குண்டூசிக்கு,

வளைகாப்புப் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் கன்னத்தில் சந்தனத்தோடு திருதிருவென்று விழிக்கிறாய், ஒன்றில்கூடச் சிரிப்பைக் காணோம். கலவைச் சோறு உன்னிடம் வருவதற்குள் தீர்ந்துவிட்டதா? நான் வராததற்கான காரணம் தொட்டிலில் தூங்குகிறாள். அவள் எழுந்தால் கடிதம் பாதியில் நிற்கும். இங்கே எல்லாரும் நலம். மாமனாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, மைசூர்பாகு மட்டும் குறைந்தபாடில்லை. உன் மாமியார் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறாரா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் சாமான் பட்டியல் என்று ஒன்று அனுப்பியிருந்தாயே. நைட்டி, பழைய வேட்டித் துணி, பிளாஸ்க், கொசுவலை, எல்லாம் சரி. கடைசியில் ‘பால் பவுடர் டின் ஒன்று, பாட்டில் இரண்டு’ என்று இருக்கிறதே, அது யார் எழுதியது? உன் கோழிக்கிறுக்கல் இல்லை, அச்சடித்த தாள். பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. இதற்கென்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் போட்டாயிற்று, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது, டின்னில் குழந்தைப் படம் கூடாது, இலவசமாகக் கொடுத்துத் தாய்மாரைப் பழக்கக் கூடாது. இவ்வளவும் இருக்க, பிள்ளை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே உன் பைக்குள் டின் ஏறிவிடுகிறது!

டின் என்றாலே விஷம் என்று பிரசங்கம் பண்ண வரவில்லை. என் மகளும் குடித்தவள்தான். டாக்டர் காரணம் சொல்லி எழுதிக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் வாங்கு. மருந்துக்கடை ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்கும், எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் வீட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகாதே. பைக்குள் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிடும்போது யாராவது ஒருவர் அதைத் திறந்தே தீருவார். எங்கள் வீட்டில் திறந்தது சின்னம்மா.

போனில் உன்னிடம் ‘நல்லா இருக்கேன்டி’ என்று மட்டும் சொல்லி வைத்த கதையை இப்போது முழுசாகச் சொல்கிறேன். எனக்கு ஆபரேஷன் என்பது உனக்குத் தெரியும். ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரை சீம்பால்தான், ஒரு வேளைக்குத் தேக்கரண்டி அளவு. அன்றைக்குப் பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அதுவே போதும். இது எதையும் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கட்டிலைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். பெரியம்மா சுறாப்புட்டு கொண்டுவந்தார். மாமியார் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கிண்ணம் கிண்ணமாக நீட்டினார். அம்மா ‘பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிக்காதே, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்’ என்றார். பக்கத்துக் கட்டில் ஆயாவோ ‘தண்ணி குடிக்காமப் பால் எங்கேர்ந்து ஊறும்’ என்று அம்மாவோடு மல்லுக்கு நின்றார். நான் என்ன தின்றேன், எவ்வளவு தின்றேன், மிச்சம் வைத்தேனா என்று என் தட்டைப் பார்த்தவர்கள் அத்தனை பேர். பிள்ளையின் வாயைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

அவள் காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டு சப்பினாள். வெடித்து ரத்தம் வந்தது. அவளைத் தூக்கி என்னிடம் கொடுக்க வந்தாலே கால் கட்டைவிரலை மடக்கிப் பல்லைக் கடித்துக்கொள்வேன். வெளியே சொல்லவும் கூச்சம். எடை குறைந்தது. பிறந்த சில நாளில் கொஞ்சம் குறைவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். இவளுக்குத் திரும்பவில்லை. டாக்டர் எடைத் தாளை மட்டும் பார்த்துவிட்டு ‘பால் பத்தலை, டின் போடுங்க’ என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. டின் போட்டோம், எடை ஏறியது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டின்னில் நிறைந்த வயிறு என்னிடம் வருமா? வராது. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும், மார்பில் தேங்கி நின்றால் ‘போதும், நிறுத்து’ என்று உடம்பே உத்தரவு போட்டுவிடும். வருஷா வருஷம் கல்லூரியில் வேதிச் சமநிலைப் பாடம் நடத்துகிற எனக்கு இதை யாராவது வந்து சொல்ல வேண்டியிருந்தது பார்.

சொன்னவர் யார் தெரியுமா? ஒன்றரை மாத ஊசிக்குப் போன இடத்தில் இருந்த நர்ஸம்மா. வார்டு ஆரம்பச் சுகாதார நிலையம், வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஒரே அழுகை. நான் பிள்ளையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, ‘ஊசி அப்புறம் போட்டுக்கலாம், நீ முதல்ல பால் கொடு, நான் பார்க்கிறேன்’ என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்மேல் கை வைக்கவில்லை, பிள்ளையையும் பிடித்து அழுத்தவில்லை. ‘அவ வயிறு உன் வயித்தோட ஒட்டட்டும். மூக்குக்கு நேரா காம்பு வரட்டும். அவசரப்படாதே, கொட்டாவி விடற மாதிரி வாயைத் திறப்பா, அப்ப உன்கிட்ட இழுத்துக்கோ. நீ குனியாதே.’ திறந்தாள். இழுத்துக்கொண்டேன். கீழுதடு வெளியே மடிந்திருந்தது, தாடை மார்பில் புதைந்திருந்தது, கருவளையம் மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. சப்பும் சத்தம் நின்று, விட்டு விட்டு ‘க்... க்...’ என்று விழுங்கும் சத்தம் கேட்டது. கால் விரல் மடங்கவில்லை. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, ‘வலிக்கலைல்ல?’ என்று மட்டும் கேட்டார். அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளே என்னைத் திரும்பிப் பார்த்தன.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வெடிப்பு ஆற நாளாயிற்று. டின்னைச் சட்டென்று நிறுத்தவும் அவர் விடவில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் என்னிடம், பிறகுதான் டின், அதையும் எடை பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வா என்றார். ராத்திரிப் பாலை மட்டும் விடாதே, பாலை ஊற வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாகச் சுரக்கும் என்றார். அழுதாலே பசி என்று நினைக்காதே, ஒன்றுக்குப் போவதை எண்ணு. முதல் வாரம் தாண்டினால் நாளைக்கு ஆறு தடவையாவது போக வேண்டும், போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். வீட்டுக்காரருக்குக் கணக்கு எழுதும் வேலை கொடுத்தேன். ஈரத்துணி ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு. வங்கி வேலைக்காரர் அல்லவா, வேறு மையில் டேலி பண்ணுகிறார்.

என் கோபம் என்னவென்றால், தமிழ்நாட்டில் இப்போது கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அதில் சுமார் 45 சதவீதம் ஆபரேஷன். அப்படியும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைகள் பாதிக்குச் சற்று மேல்தான். அவ்வளவு பேரும் டாக்டர், நர்ஸ் கண்ணெதிரேதான் பெற்றெடுக்கிறோம். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்று பேனர் கட்டுகிறார்கள், குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். அந்த எண்ணெய்க் காசுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போடலாம். பஸ் ஸ்டாண்டுகளில் 2015-ல் பாலூட்டும் அறை திறந்தார்களே, நல்ல காரியம். ஆனால் நான் போன ஓர் ஊரில் அறை பூட்டிக் கிடந்தது. சாவி டைம் கீப்பரிடம், டைம் கீப்பர் டீக்கடையில். டீக்கடையில் போய்ச் சாவி கேட்டேன். அவர் ‘எதுக்கும்மா?’ என்றார். எதற்கென்று சொல்ல?

வேலைக் கதை வேறு. நம் தோழி சாம்பார் வாளிக்கு அரசுப் பள்ளி வேலை, சம்பளத்தோடு ஒரு வருஷம் லீவு. எனக்குச் சட்டப்படி 26 வாரம். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தர வேண்டும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் காப்பகமும் இல்லை, அறையும் இல்லை. லேப் ஸ்டோர் ரூமில், பிப்பெட் அலமாரிக்குப் பின்னால், கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரில் கையாலேயே பீய்ச்சி எடுக்கிறேன். லேப் அட்டெண்டர் அக்கா வாசலில் காவல். ‘உள்ளே ஆசிட் வேலை நடக்குது’ என்று பையன்களை விரட்டுகிறார். எடுத்த பால் அறைச் சூட்டில் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள், மதுரை வெயிலை நம்பாமல் நான் ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

பால் மிஞ்ச ஆரம்பித்ததும் அதே நர்ஸம்மாதான் பெரியாஸ்பத்திரித் தாய்ப்பால் வங்கிக்கு என்னை அனுப்பினார். ஆசியாவிலேயே முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியதாம். ரத்தம் சோதித்த பிறகே நம்மிடம் வாங்குகிறார்கள். பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, கிருமி இல்லை என்று பார்த்து, குறைமாதப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். உள்ளங்கை அகலப் பிள்ளைகளடி. குழாய் வழியாகத்தான் குடிக்கின்றன.

அங்கே ஒரு நாள் வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது இருபது இருக்கும். மடியில் பிளாஸ்டிக் கவர், அதில் பந்து பந்தாக மல்லிகை. யாருக்கோ தலையில் வைக்க வாங்கியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுடைய அம்மா மெதுவாகச் சொன்னார்: பிள்ளை தங்கவில்லை, பால் மட்டும் நிற்காமல் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்கிறது, பூவை வைத்துக் கட்டப் போகிறோம். நம் பாட்டிமார் செய்ததுதான். பாலை வற்ற வைப்பதில் மல்லிகை மாத்திரைக்குச் சளைத்ததில்லை என்று வேலூரில் செய்த ஆய்வே 1988-ல் வெளிவந்திருக்கிறது. அந்தப் பெண் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள், நான் அவள் கவரைப் பார்த்தேன். என்ன பேசுவது என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தலையில் இருந்த பூவை எடுத்து வைத்துவிட்டேன்.

சரி, நிறைமாதக்காரியிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று அம்மா திட்டுவார். நீ திட்டமாட்டாய், தெரியும்.

அடுத்த செக்கப்பில் இரண்டே கேள்வி கேள். சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை என் நெஞ்சில் போடுவீர்களா? பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, இது தெரிந்த நர்ஸ் யார், அவருக்கு எந்த ஷிஃப்ட்? ‘அதெல்லாம் அப்ப பார்த்துக்கலாம்’ என்று மழுப்பினால் விடாதே. விடுதி மெஸ்ஸில் இட்லிக்குப் போட்ட சண்டையை இங்கே போடு. அதோடு உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸின் நம்பரை இப்போதே வாங்கி வை. சுறாப்புட்டு வந்தால் ருசிக்காகத் தின்னு, வேண்டாம் என்று சொல்லி யார் மனசையும் நோகடிக்காதே. காலேஜ் லீவு விட்டதும் நான் மகளோடு வந்து ஒரு வாரம் இருக்கிறேன். உன் மாமியாரிடம் இப்போதே சொல்லி வை.

எழுந்துவிட்டாள். கீழே இரண்டு பல் வந்திருக்கிறது, பால் குடித்து முடித்ததும் கடித்துவிட்டுச் சிரிக்கிறாள். அந்தக் கொடுமையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்
மொளகாப்பொடி