செங்கல் மாற்றினால் மறுபடியும் பிளானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக வீட்டு பிளான் போட்டு, கட்டி முடியும்வரை கூடவே நிற்கும் பொறியாளர் நான். அனுமதி வாங்கிய பிறகு கட்டுமானப் பொருளில் சின்ன மாற்றம் வந்தால் எங்கே போய் என்ன சொல்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கிறது. அதனால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

2023 ஐப்பசி. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு 1,100 சதுர அடியில் வீடு. அஸ்திவாரமும் பில்லரும் முடிந்து சுவர் எழும்ப வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அறுத்துப் போட்ட பச்சைக்கல் காயவில்லை, சூளைகள் நின்றுவிட்டன. கையிருப்புக் கல்லுக்கு விலை எக்கச்சக்கம். சரி, ஃபிளை ஆஷ் கல் (அனல்மின் நிலையச் சாம்பலில் செய்வது) வைத்தே கட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அதே ஒன்பது அங்குலச் சுவர். பாரத்தைத் தாங்குவது பில்லரும் பீமும்தான். அறை அளவோ, சுற்றி விட்ட காலியிடமோ, உயரமோ ஒரு அங்குலம்கூட மாறவில்லை.

கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டம் வரை சுவர் வந்ததும் வீட்டுக்கடனின் அடுத்த தவணைக்காக வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். அனுமதி பெற்ற வரைபடத்தை விரித்து, ஓரத்தில் 'செங்கல் கட்டு' என்று அச்சாகியிருந்த வரியில் விரலை வைத்தார். "இங்கே வேறு போட்டிருக்கிறதே, அலுவலகத்தில் எழுதி வாங்கி வாருங்கள்" என்றார். அனுமதி தந்த அலுவலகத்தில், "இதற்கெல்லாம் படிவம் கிடையாது, திருத்திய பிளான் போடுங்கள்" என்றார்கள். அதாவது திரும்பவும் வரைபடம், கட்டணம், காத்திருப்பு. பதினொரு வாரம் போயிற்று. பில்லர் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் துரு ஏறக்கூடாது என்று கண்டக்டரின் மனைவி சிமென்ட் பால் பூசி, பழைய சிமென்ட் சாக்கைச் சுற்றிக் கட்டிவைத்திருந்தார். காற்றில் சாக்கு அவிழ்ந்துவிடும், மறுநாள் காலையில் வாடகை வீட்டிலிருந்து நடந்து வந்து மறுபடி கட்டுவார். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காக எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. அதே வீடு பில்லர் இல்லாமல் சுவர் மேலேயே தளம் உட்காரும் வீடாக இருந்திருந்தால், கல்லின் தாங்குதிறனைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு வரிசைகூட வைக்க விட்டிருக்க மாட்டேன். ஒரே கல்தான், ஒரு வீட்டில் சின்ன மாற்றம், இன்னொரு வீட்டில் உயிர்ப் பிரச்சினை. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பைப் புதுப்பிக்க அனுமதி வாங்கியபோது வெளிச்சுவருக்குத் துத்தநாகத் தகடு என்றுதான் இருந்தது. செலவைக் குறைக்க, நடுவில் எளிதில் தீப்பிடிக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகட்டுக்கு மாறினார்கள். 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீ அந்தத் தகடுகள் வழியாகவே கட்டடம் முழுக்கப் பரவியது. 72 பேர் இறந்தார்கள். நம் கடைவீதிகளிலும் முகப்புக்கெல்லாம் ஏசிபி ஷீட் அடிக்கிறோம்; அதுவும் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் வேறொரு பொருள் வைத்ததுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்? கண்டக்டர் வீட்டுக் கல்லுக்குக் காட்டிய கண்டிப்பை அங்கே காட்டினால் நானே கையெடுத்துக் கும்பிடுவேன்.

2016-ஆம் ஆண்டின் தேசிய கட்டட விதித்தொகுப்பு, தரை மாற்றுவது, பூச்சு, வண்ணம், ஃபால்ஸ் சீலிங் போன்ற வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை என்று பட்டியல் போட்டே சொல்கிறது. தேக்கு ஜன்னலுக்குப் பதில் யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல், பில்லர் வீட்டில் செங்கலுக்குப் பதில் ஃபிளை ஆஷ் கல் என்று நம் ஊரில் தினமும் நடக்கிற மாற்றங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். மற்றவற்றுக்கு ஒரே ஒரு பக்கப் படிவம் போதும். முன்பு என்ன, இப்போது என்ன, அளவு ஏதாவது மாறுகிறதா, அந்தப் பொருள் பாரம் தாங்குமிடத்தில் வருகிறதா, தீப்பிடிக்குமா. கீழே பொறியாளர் கையெழுத்து. தவறாக எழுதினால் என் பதிவை ரத்து செய்யட்டும். பாரமும் தீயும் சம்பந்தப்பட்டதை மட்டும் அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கட்டும். மீதியை ஏழு வேலை நாளில் முத்திரை வைத்துக் கொடுத்தால், வங்கியும் அதை ஏற்றுக்கொண்டால் போதும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உரிமையாளர் சொல்வதை நம்பியே அனுமதி தருகிறார்கள். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். முழு வீட்டுக்கும் வைக்கிற அந்த நம்பிக்கையை ஒரு கல்லுக்கும் வைக்கலாமே.

அந்தப் படிவத்துக்கு ஒரு மாதிரி நானே எழுதி வைத்திருக்கிறேன். நகர் ஊரமைப்புத் துறையில் யாராவது கேட்டால் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.